‘அந்த நாள்’: பாட்டில்லாத படமா, போர்க்காலக் காதல் படமா?

கிழக்குத் தாம்பரத்தில் நண்பரொருவரின் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பழைய திரைப்படங்களைப் பார்ப்பது நம் சிறு வட்டத்தின் வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அங்கே ‘காசாபிளாங்கா’ திரையிடப்பட்டது. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில் 1942-இல் முதன்முதலாகக் காட்டப்பெற்ற அந்தப் படத்தை, எண்பது ஆண்டுகள் கடந்தும் உலகம் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூடுபனிக்குள் விமானம் புறப்பட்டுப் போய்த் திரை இருண்டதும் ஒரு நண்பர் பெருமூச்செறிந்தார்: “காதலும் போரும் இப்படிக் கைகோத்த படம் தமிழில் ஒன்றுகூட இல்லையே!” இன்னொருவர் காரணமும் சொன்னார்: “எப்படி இருக்கும்? தமிழனுக்குப் போர் என்பது பேப்பரில் படித்த சேதி. குண்டு விழாத ஊரில் போர்க்காலக் காதல் எங்கிருந்து முளைக்கும்?” தலைகள் ஆடின.

அன்று நாம் வாதிடவில்லை. அடுத்த மாதம் ‘அந்த நாள்’ படத்தைப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். போட்டார்கள். பார்த்து முடித்ததும் பேச்சு எப்படிப் போயிற்று என்பதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். “1954-லேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!” என்றார் ஒருவர். “அசல் ராஷோமான் உத்தி” என்றார் மற்றொருவர். ஒளிப்பதிவு பற்றியும் நிழல்கள் பற்றியும் மெச்சிப் பேசினார்கள். ஆனால், சென்ற மாதம் தமிழில் இல்லையென்று ஏங்கிய போர்க்காலக் காதல் படம் இதோ கண்முன் ஓடி முடிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

‘அந்த நாள்’ இத்தனை காலம் நிலைத்திருப்பது அதில் இல்லாத பாடல்களால் அன்று, அதில் இருக்கும் காதலால் என்பதே நம் வாதம். அந்தக் காதலைக் காணாமல் உத்தியை மட்டும் கொண்டாடுவது, நம் கலையைப் பற்றி நமக்கிருக்கும் கூச்சத்தின் அடையாளம்.

(முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி வாதிட இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

முதலில் அந்தப் ‘போர் அறியாத தமிழன்’ என்னும் கற்பிதத்தைத் தீர்த்துவிடுவோம். அதைச் சொன்ன நண்பர் நாள்தோறும் கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் போய்வருபவர். அவர் கடந்து செல்லும் பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலேயரின் படைகள் கூடாரமடித்துக் குடியேறிய ஊர்கள். அவர் இறங்கும் தாம்பரத்தில் இருப்பது விமானப்படைத் தளம். பாடத்தின் நடுவே பயிற்சி விமானம் கடந்துபோகும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஊரின் பாதி நிலம் படையோடு தொடர்புடையதாக இருக்க, போர் நமக்குச் சேதி மட்டும்தானாம்!

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின் மீதும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், சென்னை நகரம் காலியாகத் தொடங்கியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாகும் என்ற அச்சத்தில் நகர விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய தமிழர்கள், சயாம் ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோரின் கதைகள் அதே காலத்தவை. 2009 வரை நீண்ட ஈழப் போரை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பின்னும் போர் நமக்கு அந்நியம் என்று சொல்வது மறதியல்லாமல் வேறென்ன?

நம் நண்பரின் தாயாருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. 1942-இல் அவர் ஐந்து வயதுச் சிறுமி. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, எழும்பூரில் ரயிலேறிச் செங்கல்பட்டுக்கு அப்பால் உறவினர் கிராமத்துக்குப் போனதை இன்றும் சொல்வார். பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போன கிளி திரும்பி வந்தபோது இல்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். அந்த மொட்டைமாடிக்கு நேர் கீழேதான் அவர் அறை. போர் அறியாத ஊர் என்று மேலே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, போர்க்காலக் காதல் என்பது ஹாலிவுட் நமக்கு அறிமுகப்படுத்திய சரக்கு அன்று. தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களில் பகையையும் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். பாசறையில் மன்னனும் மனையில் அரசியுமாகப் பிரிந்திருக்கும் நிலையை முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பாடின. இவற்றுள் நெடுநல்வாடையைச் சுற்றி எழுந்த வழக்கு, திரைப்படம் பார்ப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டியது. பிரிவால் துயருறும் அரசியையும், வாடைக் காற்றில் புண்பட்ட வீரர்களைக் காண நள்ளிரவில் நடக்கும் அரசனையும் பாடும் அது அகமா, புறமா? வேல் மீது கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளம் ஆகையால், தலைவன் இன்னான் என்று சுட்டப்பட்டுவிட்டது, ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். மற்ற எல்லாம் அகமாக இருக்க, ஒரு வேப்பந்தழை அதைப் புறமாக்கிவிட்டது.

‘அந்த நாள்’ படத்தின் வேம்பு, 1943 அக்டோபர் என்னும் அதன் காலக் குறிப்பு. அந்த மாதம் 11-ஆம் நாள்தான் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. அந்தத் தேதியை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு குடும்பக் கொலையும் அதன் துப்பறிதலும். தேதியை வைத்துப் பார்த்தால், கணவன் மனைவி இருவர் மட்டுமே அறிந்த படுக்கையறைப் பேச்சும் ஊரைத் தீண்டுகிறது. ஊரின் அச்சம் படுக்கையறை வரை வருகிறது. அகமும் புறமும் ஒன்றையொன்று கிழிக்கும் இடத்தில் நிற்பதே இதன் வலிமை.

கதை எளியது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி அம்புஜம் என்று ஒவ்வொருவர் வழியாகவும் ராஜனின் ஒவ்வொரு முகம் வெளிப்படுகிறது. ஒவ்வொரு பேச்சும் ஐயத்தை வேறொருவர் மீது திருப்புகிறது. கடைசியில் உண்மை மனைவி உஷாவிடமிருந்து வருகிறது. தன் அறிவை மதிக்காத நாட்டின் மீது வெறுப்புற்ற ராஜன், ஜப்பானியருக்கு உளவு சொல்பவனாகிவிட்டான். காதலித்து மணந்த உஷா கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள், துப்பாக்கியை நீட்டுகிறாள். ஆனால் அவளால் சுட முடியவில்லை. துப்பாக்கி தற்செயலாக வெடித்து அவன் சாகிறான்.

வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்க, ஜாவர் சீதாராமன் எழுதி, சிவானந்தமாகவும் நடிக்க, ஏ.வி.எம். தயாரித்த படம் இது. பாடல், நடனம், சண்டை மூன்றும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் ஒரு படத்தின் பெருமையை அதில் இல்லாதவற்றின் பட்டியலாக எழுதுவது எவ்வகை இரசனை? ஒரு கவிதையைப் புகழும்போது ‘இதில் எதுகை இல்லை, மோனை இல்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வோமா? தமிழ்ப் படமாக இருப்பது ஒரு குறை, அக்குறையிலிருந்து ஒன்று தப்பிவிட்டது என்ற எண்ணம் இந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பாடல் இல்லாமல் எடுக்கப்பட்ட படங்கள் பின்னரும் வந்தன. அவற்றில் எத்தனை நம் நினைவில் உள்ளன?

ராஷோமான் ஒப்பீடும் இப்படித்தான். குரோசாவாவின் அந்த 1950-ஆம் ஆண்டுப் படம் இதற்குத் தூண்டுதல் என்பர். அதே ஆண்டில் வெளிவந்த ‘த வுமன் இன் க்வெஸ்ச்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தைச் சுட்டுவோரும் உண்டு. யாரிடமிருந்து எடுத்தார் என்பதைவிட என்ன செய்தார் என்பதே முக்கியம். ‘ராஷோமான்’ ஒரே நிகழ்வைப் பலர் சொல்லக் கேட்டு, உண்மை இன்னதென்று முடிவுகட்டாமல் விடுகிறது. ‘அந்த நாள்’ முடிவுகட்டுகிறது. யார் கொன்றது, ஏன், எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உத்தி மட்டுமே அதன் உயிர் என்றால், முடிவு தெரிந்தபின் அது செத்துப்போயிருக்க வேண்டும். மர்மம் அவிழ்ந்த துப்பறியும் கதையை யார் மறுபடி படிக்கிறார்கள்? நாமோ இந்தப் படத்தைப் பலமுறை பார்க்கிறோம். முடிவு தெரிந்து பார்க்கும்போதுதான் உஷாவின் முகம் முதல் காட்சியிலிருந்தே வேறாகத் தெரிகிறது.

பண்டரிபாயின் அந்த முகத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. இரண்டாண்டுகளுக்கு முன், 1952-இல், ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனுடன் இணைந்து நடித்தவர் அவரே. அந்தக் கதையும் போரில்தான் தொடங்குகிறது. ரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சிதறடிப்பது அந்தப் போர். அங்கே சினத்தால் வழிதவறிய இளைஞனுக்கு விமலா வழிகாட்டினாள். அந்த நினைவோடு 1954-இல் அரங்குக்கு வந்தவர்கள், உஷாவும் ராஜனைத் திருத்திவிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். உஷா தோற்கிறாள். அன்பு திருத்தும் என்ற நம் கதை மரபின் பெரிய வாக்குறுதி இங்கே பலிக்கவில்லை. படம் வெளியானபோது மக்கள் பெருமளவில் ஏற்கவில்லை என்பதற்குப் பாட்டு இல்லாததையே எல்லோரும் காரணமாகச் சொல்கின்றனர். இந்த ஏமாற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நாம் கருதுகிறோம்.

உஷாவை வீரத்தமிழ்ப் பெண் என்று புகழ்ந்து முடித்துக்கொள்பவர்களும் உண்டு. புறநானூற்றுத் தாய் ஒருத்தியைத் துணைக்கு அழைப்பார்கள். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டு வாளோடு களம் புகுந்து, அவன் மார்பில் புண்பட்டுக் கிடப்பதைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தவள் அவள். உஷாவுக்கு அந்த மகிழ்ச்சி எங்கே? அவள் தேடிப்போய்க் கண்டது பொய்யான பழியை அன்று, மெய்யான குற்றத்தை.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணகியோடு ஒப்பிடுங்கள். கணவன் பொருட்டு ஒரு நகரை எரித்தவள் கண்ணகி. ஒரு நகர் எரியாதிருக்கக் கணவனை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கியவள் உஷா. கோவலனுக்கு மாதவி, ராஜனுக்கு அம்புஜம். இரு மனைவியரும் அதைப் பொறுத்தவர்கள். இருவரையும் கையுயர்த்த வைத்தது அதுவன்று. கற்பு என்றால் கணவனுக்காக உலகையே எரிப்பது என்று பயின்ற ஒரு மொழியில், உலகுக்காகக் கணவனை எதிர்க்கத் துணிந்த பெண்ணை நாயகியாக்கியது ‘அந்த நாள்’. இதைவிடப் பெரிய துணிச்சல் பாட்டை நீக்கியதுதான் என்று நம்புபவர்களோடு நமக்கு ஒத்துவராது.

மறுப்புகள் உண்டு, அறிவோம். ராஜனுக்கு ஓர் ஆசைநாயகியைச் சேர்த்தது, அவன் சாவைப் பார்ப்பவர்கள் எளிதாகச் செரித்துக்கொள்ள எனலாம். உண்மைதான், அது கதையின் கோழைத்தனம். துப்பாக்கி தற்செயலாக வெடிப்பதும் அப்படியே என்று ஒரு நண்பர் சொன்னார்: கதாசிரியர் கடைசி நொடியில் பின்வாங்கிவிட்டார், பெண்ணைக் கொலைகாரியாக்க அவருக்கு மனம் வரவில்லை என்று. இதை நாம் ஏற்கவில்லை. நாட்டுப்பற்றுப் படமாக மட்டும் இருந்திருந்தால் அவள் சுட்டிருப்பாள், கைதட்டல் எழுந்திருக்கும். அவள் நீட்டிய கை தாழ்கிறதே, அதுதான் இதைக் காதல் படமாக்குகிறது. நெஞ்சு மறுத்ததைத் துப்பாக்கி செய்துவிடுகிறது. ‘நான் சுடவில்லை’ என்று சொல்லித் தப்பவும் அவளால் இயலாது, ‘நாட்டுக்காகச் சுட்டேன்’ என்று சொல்லி நிமிரவும் இயலாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. 1943-இல் எது ‘நாடு’? ஆண்டது ஆங்கிலேயன். 1942 ஆகஸ்டுத் தீர்மானத்துக்குப் பின் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தனர். வங்கத்தில் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் குண்டு விழுந்த பத்தாம் நாள், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அவருடைய படையில் மலாயாத் தமிழர்கள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ராணி ஜான்சி படைக்குத் தலைமையேற்றவர் இதே சென்னையில் மருத்துவம் படித்த இலட்சுமி சுவாமிநாதன். ஜப்பானின் பக்கம் நின்று தாய்நாட்டை மீட்கலாம் என்று ஒரு சென்னைப் பெண் நம்பினார். ஜப்பானின் பக்கம் சாய்ந்த கணவனை எதிர்க்க வேண்டும் என்று திரையில் இன்னொரு சென்னைப் பெண் நம்பினாள். இருவரில் யார் பிழை?

ராஜனைப் போஸின் வீரர்களோடு ஒன்றாக வைக்கக் கூடாது. அவன் தன் மனக்காயத்துக்காகச் செய்கிறான். எனினும் 1954-இல் இருந்து கொண்டு, விடுதலை பெற்ற நாட்டின் தேசபக்தியை 1943-இன் மீது ஒட்டிவிட்டது படம் என்னும் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் பாருங்கள், இக்குறையே இன்று படத்தை ஆழமாக்கிவிட்டது. ‘காசாபிளாங்கா’வில் சரியான பக்கம் எது என்பதில் ஐயமே இல்லை. நாஜிகள் தீயவர், அவ்வளவுதான். எனவே ரிக் தன் காதலைத் துறக்கும்போது நமக்குக் கண்ணீர் வருகிறதே தவிர, கலக்கம் வருவதில்லை. உஷாவுக்கு அந்தத் தெளிவு வரலாற்றில் இல்லை. அவள் வாதங்கள் உறுதியானவை, அவற்றின் கீழுள்ள மண் உறுதியற்றது. அன்றைய எழுத்தாளர் எண்ணியிராத இந்த நடுக்கத்தை இன்று பார்க்கும் நாம் உணர்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘காசாபிளாங்கா’வில் யார் யாரோடு போவது என்று முடிவெடுப்பவன் ரிக். இல்ஸாவோ தன் பொருட்டும் அவனே சிந்திக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். அவன் ஏற்பாட்டின்படி விமானம் ஏறுகிறாள். கடைசியில் ரிக்குக்கு ஒரு நண்பனும் கிடைத்து, இருவரும் பனியில் நடந்து போகின்றனர். தியாகத்துக்குக் கைமேல் ஆறுதல். ‘அந்த நாள்’ படத்தில் முடிவின் பாரம் பெண்ணின் மீது. அவளுக்கு நண்பனும் இல்லை, பனியும் இல்லை. எதிரே இருப்பது காவல் அதிகாரி. அந்தப் படத்தைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. நமக்கும் அது பிடித்த படமே. பழகிய கதைத்துணுக்குகள் எல்லாம் ஒன்றுகூடிக் கொண்டாடுவதால்தான் அது சலிக்காமல் நிற்கிறது என்ற பொருள்பட உம்பர்த்தோ ஈக்கோ எழுதினார். அந்த இன்பம் அதற்கு. இந்தத் துயரம் இதற்கு.

தமிழில் போர்க்காலக் காதலுக்கு ‘அந்த நாள்’ ஒன்றே சான்றென்றும் எண்ண வேண்டாம். 1962-இன் சீனப் போர் முடிந்த மறு ஆண்டே, கண்ணதாசன் தயாரிப்பில் தாதா மிராசி இயக்கிய ‘இரத்தத் திலகம்’ வந்தது. கல்லூரியில் காதலித்த சிவாஜியும் சாவித்திரியும் போரில் எல்லைக்கு இருபுறமும் நிற்கும் கதை. அதிலுள்ள கல்லூரிப் பிரிவுப் பாடலைத் தெரியாத தமிழர் உண்டா? ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களின் பிரிவு விழாவில் அதை யாராவது பாடுவர். கடைசி வரிசையில் யாராவது அழுவர். அது எந்தப் படம் என்று கேட்டால் சிலர் சொல்வர். அது ஒரு போர்ப் படம் என்று சொன்னால் எல்லோரும் வியப்பர். பாடல் கதையிலிருந்து பிய்ந்து தனியே வாழத் தொடங்கிவிட்டது, போர் மறந்துபோயிற்று.

இங்கேதான் ‘பாட்டில்லை’ என்பதன் உண்மையான பொருள் நமக்குப் புலப்படுகிறது. ‘அந்த நாள்’ படத்திலிருந்து கையோடு எடுத்துச் செல்ல எதுவுமில்லை. முணுமுணுக்க ஒரு வரி கிடையாது. காதலை மட்டும் பிரித்தெடுத்துப் போரை மறக்க அந்தப் படம் நம்மை விடுவதில்லை. அதன் காதலை நினைக்க வேண்டுமென்றால் அந்தத் துப்பாக்கியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பாட்டை நீக்கியதைச் சாதனை என்று பட்டியலிடுபவர்கள் அதனால் விளைந்த இதைச் சொல்வதில்லை.

இலக்கியம் அறிந்தவர்களிடம் நம் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தப் படத்தைச் ‘சோதனை முயற்சி’ என்னும் அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். பாடத்தில் பயன்படுத்துவதானால் உத்திக்கு எடுத்துக்காட்டாக மட்டும் காட்டாதீர்கள். நெடுநல்வாடைக்கும் சிலம்புக்கும் அருகில் வைத்துக் காட்டுங்கள். அகம், புறம் என்னும் பிரிவை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனுக்கு, அவ்விரண்டும் ஒரே வீட்டுக் கூடத்தில் மோதும்போது என்ன நேரும் என்பதை உஷா காட்டுவாள்.

அன்றிரவு உத்தி பற்றிய பேச்சு நீண்டுகொண்டிருந்தபோது, மாடிப்படியருகே நாற்காலியில் அமர்ந்து படத்தை முழுதும் பார்த்திருந்த நண்பரின் தாயார் எழுந்தார். மகன் கைபிடித்து இறங்கும்போது நம்மைப் பார்த்துச் சொன்னார்: “பாவம்ப்பா அந்தப் பொண்ணு. அவனையும் விட முடியலை, ஊரையும் விட முடியலை. இனிமே எப்படித் தூங்குவா?”

அவர் குரோசாவாவைக் கேள்விப்பட்டதில்லை. படத்தில் பாட்டு இல்லை என்பதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. அன்று அந்த மாடியில் ‘அந்த நாள்’ படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவரே என்று நாம் உறுதியாக நம்புகிறோம். மாற்றுக் கருத்துள்ளோர் வாதிக்க வரலாம். வருமுன் படத்தை மீண்டும் ஒருமுறை, உஷாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.